இரண்டு பேர் போக்கர்: எதிரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது ஹோல்டெம் ஆடுவது எப்படி

போயா லீவுக்கு வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் 304 என்ற கடதாசி ஆட்டம் போடக் கூடுகிறார்கள். நாலு பேரில் இருவர் வராமல் விட்டால் 304 சரிவராது. போக்கர் என்றால் இரண்டு பேர் இருந்தாலே போதும். இங்கே சொல்வது ஹோல்டெம் என்ற வகை: ஆளுக்கு இரண்டு கடதாசி, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து. ஆனால் ஏழெட்டுப் பேரோடு பழகின ஆட்டத்தை அப்படியே இரண்டு பேர் மேசைக்குக் கொண்டுவந்தால் பிளைண்டே (கடதாசி பார்க்கும் முன் கட்டாயமாக வைக்கும் தொகை) ஆளைத் தின்றுவிடும்.

கணக்கு இதுதான். 9 பேர் இருக்கும் மேசையில் 9 கைக்கு ஒரு தடவைதான் ஸ்மோல் பிளைண்டும் (பிக் பிளைண்டில் பாதி) பிக் பிளைண்டும் உங்கள் பக்கம் வரும். சராசரியாகக் கைக்கு ஆறில் ஒரு பிக் பிளைண்ட் செலவு. இரண்டு பேர் என்றால் ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒரு பிளைண்ட் வைத்தே ஆகவேண்டும். கைக்கு முக்கால் பிக் பிளைண்ட். 100 பிக் பிளைண்டோடு உட்கார்ந்து, நல்ல கை வரட்டும் என்று எல்லாவற்றையும் ஃபோல்ட் பண்ணிக்கொண்டிருந்தால் (கையை விட்டுக்கொண்டிருந்தால்) 133 கையில் எல்லாம் போய்விடும். வீட்டு மேசையில் மணிக்கு 60 கை தாராளமாக ஓடும் என்பதால், அது இரண்டேகால் மணி நேர வேலை.

304 பழகினவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். அங்கே ஜாக் 30, ஒன்பது 20 என்று கையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பது. கை சரியில்லாவிட்டால் எதிரே இருக்கும் கூட்டாளி பார்த்துக்கொள்வார். இங்கே கூட்டாளி இல்லை, ஒன்பது வெறும் ஒன்பதுதான். எந்தக் கை எதை வெல்லும் என்று தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. சோடி, ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ் பாடம் இதில் இல்லை.

மேசை போடுவது

ஆளுக்கு 1,000 புள்ளி, பிளைண்ட் 5/10 என்று தொடங்கினால் 100 பிக் பிளைண்ட். அது வசதியான ஆழம். 5 புள்ளிச் சிப் 20, 25 புள்ளி 16, 100 புள்ளி 5 என்று பிரித்தால் ஆளுக்கு 41 சிப்பில் முடிந்துவிடும். சிப் இல்லையென்றால் மூன்று நிறப் பொத்தானும் போதும். புளியங்கொட்டை வேண்டாம், எல்லாம் ஒரே நிறம், குவியலைப் பார்த்தவுடன் எவ்வளவு என்று சொல்ல முடியாது, ஓல்-இன் (இருப்பதை எல்லாம் வைக்கும்) நேரத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

காட்ஸ் இரண்டு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போடும்போது மற்றவர் அடுத்த கட்டைக் கலைக்கலாம். இரண்டு பேர் ஆட்டத்தில் பாதி நேரம் கலைப்பதிலேயே போகிறது. கொழும்புப் புழுக்கத்தில் காகிதக் கடதாசி ஒரே நாளில் ஒட்டத் தொடங்கும், மூலை மடியும். மூலை மடிந்த ஆஸை எதிராளி இருபதாவது கையில் அடையாளம் கண்டுவிடுவார். பிளாஸ்டிக் கட்டு கொஞ்சம் விலை கூட, ஆனால் துடைத்துப் பாவிக்கலாம். மேசைக்கு மேலே ஃபேன் சுழன்றால் கீழே ஒரு போர்வையை மடித்து விரியுங்கள். கடதாசி பறக்காது, தூக்கவும் லேசு.

அடுத்தது பட்டன், கடதாசி போடும் முறை யாருடையது என்று காட்டும், கைக்குக் கை மாறும் அடையாளம். வீட்டு ஆட்டங்களில் அதிகம் பிழைப்பது இங்கேதான். இரண்டு பேர் ஆட்டத்தில் பட்டன் வைத்திருப்பவர்தான் ஸ்மோல் பிளைண்ட். முதல் கடதாசி பிக் பிளைண்டுக்கு, கடைசிக் கடதாசி பட்டனுக்கு. ஃப்ளொப்புக்கு (நடுவில் திறக்கும் முதல் மூன்று கடதாசி) முன் பட்டன் முதலில் பேச வேண்டும். ஃப்ளொப், டேர்ன் (நாலாவது கடதாசி), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் அவர் கடைசியில் பேசுவார். பலர் பெரிய மேசைப் பழக்கத்தில் பட்டனைப் பிக் பிளைண்டிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரே ஆள் முன்னேயும் பின்னேயும் கடைசியில் பேசுவார், மற்றவருக்கு அந்தக் கையில் எந்த வசதியும் மிஞ்சாது. மூன்று பேரில் ஒருவர் தோற்று எழுந்து போனாலும் இந்த ஒழுங்குக்கே மாறவேண்டும். அந்த மாற்றத்தில் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு தடவை பிக் பிளைண்ட் கட்டாதபடி பட்டனைச் சரிசெய்யுங்கள்.

பட்டனில் இருந்தால்

பட்டனில் இருக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, கடைசியில் பேசுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். எதிராளி செக் பண்ணினாரா (ஒன்றும் வைக்காமல் விட்டாரா) பெட் வைத்தாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதனால் பட்டனில் வரும் கைகளில் 80 வீதத்தை ரெய்ஸ் பண்ணலாம், அதாவது தொகையை ஏற்றலாம். எல்லா ஆஸ், கிங், குயின், எல்லாச் சோடி, ஜாக்கில் அநேகம், அடுத்தடுத்த இலக்கங்கள், ஒரே இனத்தில் உள்ள அநேகமான கைகள். விடவேண்டியது 7-2, 8-3, 9-2 மாதிரி இனமும் சேராத, ஸ்ட்ரெய்ட்டுக்கும் உதவாத குப்பைகளை.

எவ்வளவுக்கு ரெய்ஸ்? 20 முதல் 25 வரை, அதாவது 2 அல்லது 2.5 பிக் பிளைண்ட். 40, 50 என்று போடுவது தேவையில்லாத செலவு. 20க்கு ரெய்ஸ் பண்ணும்போது உங்களிடம் ஏற்கெனவே 5 உள்ளே இருக்கிறது. இன்னும் 15 வைத்து, பொட்டில் (நடுவில் சேர்ந்த தொகை) கிடக்கும் 15ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். எதிராளி இரண்டில் ஒரு தடவைக்கு மேல் ஃபோல்ட் பண்ணினால், கையில் என்ன இருந்தாலும் அந்த ரெய்ஸ் லாபம். 25க்கு என்றால் 20 வைத்து 15 பிடிக்கிற கணக்கு. 57 வீதம் ஃபோல்ட் வேண்டும்.

ரெய்ஸ் பண்ணாமல் வெறுமனே 5 சேர்த்து ஃப்ளொப் பார்ப்பதை லிம்ப் என்பார்கள். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட செபியஸ் என்ற நிரல், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கிட்டத்தட்ட முழுதாகத் தீர்த்துவிட்டது. பட்டனில் இருக்கும்போது அது லிம்ப் பண்ணுவது இல்லை என்றே சொல்லலாம். பெட்டுக்கு எல்லை இல்லாத ஆட்டத்தில் லிம்ப்புக்கு இடம் உண்டு, குறிப்பாக ஸ்டாக் (ஒருவரிடம் உள்ள மொத்தச் சிப்) சிறுத்தபோது. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் என்ற இரண்டே வழி நல்லது.

பிக் பிளைண்டில் இருந்தால்

எதிராளி 20க்கு ரெய்ஸ் பண்ணினால் நீங்கள் இன்னும் 10 வைக்கவேண்டும். பொட்டில் 30 இருக்கிறது. 10 வைத்து மொத்தம் 40க்கு ஆடுகிறீர்கள், 25 வீதம் வெற்றி போதும். 7-2 வேறு வேறு இனம்கூட எந்தக் கை என்றே தெரியாத ஒருவருக்கு எதிராகச் சுமார் 35 வீதம் வெல்லும். அப்போது எல்லாவற்றுக்கும் கோல் அடிக்கலாமா (அவர் வைத்த அளவுக்கு வைத்துக் கையில் தொடரலாமா)? இல்லை. அந்த 35 வீதம், ஐந்து கடதாசியும் சும்மா திறந்து பார்த்தால் வரும் கணக்கு. நிஜத்தில் நீங்கள் முதலில் பேசவேண்டிய ஆள். ஃப்ளொப்பில் ஒன்றும் விழாமல் செக் பண்ணுவீர்கள், அவர் பெட் வைப்பார், விட்டுவிடுவீர்கள். வெல்ல வேண்டிய பங்கில் ஒரு பகுதி கைக்கு வராமலே போகும். ஆகவே அடியில் கிடக்கும் ஐந்தில் ஒரு பங்கை விடுங்கள், மிச்சத்தை ஆடுங்கள். 25க்கு ரெய்ஸ் வந்தால் 30 வீதம் தேவை, இன்னும் கொஞ்சம் விடலாம். 30க்கு வந்தால் 33.

கோல் மட்டுமே அடித்துக்கொண்டிருந்தால் எதிராளி ஒவ்வொரு பட்டனிலும் கவலையில்லாமல் ரெய்ஸ் பண்ணுவார். ஒன்பதுச் சோடிக்கு (99) மேற்பட்ட சோடி, ஆஸ்-ஜாக்குக்கு மேற்பட்டவை, கிங்-குயின் என்றால் திருப்பி ரெய்ஸ் பண்ணுங்கள். அவருடைய 25ஐ 90 முதல் 100 வரை ஏற்றுங்கள். நீங்கள் முதலில் பேசவேண்டியவர் என்பதால் தொகை பெரிதாகவே இருக்கட்டும். 60க்கு ஏற்றினால் அவர் இன்னும் 35 மட்டும் கொடுத்துக் கடைசியில் பேசும் வசதியோடு ஃப்ளொப் பார்ப்பார். இடையிடையே ஆஸ்-5, ஆஸ்-4 ஒரே இனத்தில் வந்தால் அதையும் இப்படியே ஆடுங்கள்: உங்களிடம் ஓர் ஆஸ் இருப்பதால் அவரிடம் ஆஸ் சோடி இருக்கும் வழி 6இல் இருந்து 3 ஆகிறது, கோல் வந்தாலும் ஃப்ளஷ்ஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் இடம் உண்டு.

ஃப்ளொப் விழுந்த பிறகு

சோடி இல்லாத இரண்டு கடதாசிக்கு ஃப்ளொப்பில் சோடியோ அதற்கு மேலோ கிடைப்பது மூன்றில் ஒரு தடவைதான், 32 வீதம். எதிராளிக்கும் இதே நிலைமை. இருவருக்கும் ஒன்றும் விழாத பொட்டுகளை யார் எடுக்கிறார் என்பதில்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி தீர்கிறது.

பெட்டின் அளவோடு சேர்த்து நினைவில் வைக்கவேண்டிய எண்கள்:

- பொட்டில் மூன்றில் ஒன்று: கோல் அடிப்பவருக்கு 20 வீதம் வெற்றி போதும், பிளஃப் (கையில் ஒன்றும் இல்லாமல் வைக்கும் பெட்) என்றால் 25 வீதம் ஃபோல்ட் கிடைத்தால் நட்டமில்லை.
- அரைப் பொட்: 25, 33.
- மூன்றில் இரண்டு: 29, 40.
- முழுப் பொட்: 33, 50.

நீங்கள் பட்டனில் 25க்கு ரெய்ஸ், அவர் கோல், பொட் 50. ஃப்ளொப் கிங்-7-2, மூன்றும் வேறு இனம். இப்படிக் காய்ந்த ஃப்ளொப்பில் 15 அல்லது 20 பெட் வைத்தால் போதும், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும். நாலில் ஒரு தடவைக்குச் சற்று மேல் அவர் விட்டாலே பெட் தன் செலவைத் தேடிக்கொள்ளும். 9-8-7, இரண்டு ஹார்ட்ஸ் என்று விழுந்தால் அப்படிச் செய்யாதீர்கள். பிக் பிளைண்டில் இருந்து கோல் அடித்த நடுத்தரக் கைகள் எல்லாம் இதில் ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கும். ஒன்றும் இல்லையென்றால் செக் பண்ணி அடுத்த கடதாசியைச் சும்மா பாருங்கள்.

ஃப்ளஷ்ஷுக்கு ஒன்று குறைந்த கைக்கு உதவும் கடதாசி 9. ஃப்ளொப்பில் இருந்து ரிவர் வரை 35 வீதம், டேர்னில் இருந்து ஒரே கடதாசிக்கு 20 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8. முறையே 31, 17. நடுவில் ஓட்டை உள்ளதற்கு 4. முறையே 16, 9. ஃப்ளொப்பில் உதவும் கடதாசியை 4ஆல் பெருக்கு, டேர்னில் 2ஆல் பெருக்கு என்ற குறுக்கு வழி எல்லாருக்கும் தெரியும். தெரியாத இடம் ஒன்று: 4ஆல் பெருக்குவது ஓல்-இன் ஆகி இரண்டு கடதாசியும் இலவசமாகப் பார்க்கும்போது மட்டும் சரி. டேர்னில் இன்னொரு பெட் வரப்போகிறது என்றால் 2ஆல்தான் பெருக்கவேண்டும். ஃப்ளஷ்ஷைத் துரத்திக் காசைக் கரைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் கரைக்கிறார்கள்.

இரண்டாம் சோடி (ஃப்ளொப்பில் இரண்டாவது பெரிய கடதாசியோடு சேரும் சோடி) இரண்டு பேர் ஆட்டத்தில் நல்ல கை. பெரிய மேசையில் செக் பண்ணிப் பதுங்குகிற கையோடு இங்கே பெட் வைக்கவேண்டும். கையில் குயின்-9, ஃப்ளொப் கிங்-9-4, பொட் 50. அவர் செக், நீங்கள் 20, அவர் கோல், பொட் 90. டேர்ன் இன்னொரு 4. அவர் செக். இங்கேயும் 50 வையுங்கள்: 9-8, 9-7, 88, 77, ஆஸை நம்பி இருக்கும் கை எல்லாம் இன்னும் ஒரு தடவை கோல் அடிக்கும். பொட் 190. ரிவர் 2, அவர் செக். இப்போது நில்லுங்கள். மூன்றாவது பெட்டுக்குக் கோல் அடிக்கப்போவது அநேகமாகக் கிங்கோ 4ஓ வைத்திருப்பவர். உங்களுக்குக் கீழே இருக்கும் கைகள் இரண்டு பெட்டோடு களைத்துவிட்டன. செக் பண்ணிக் கடதாசியைத் திறப்பது சரி.

இனி மறுபக்கம்: அவர் பட்டனில் இருந்து மூன்று தடவையும் பெட் வைக்கிறார். உங்கள் கை ஆஸ்-8, இரண்டும் கிளாவர். பலகையில் குயின் ஹார்ட்ஸ், 8 ஹார்ட்ஸ், 3 கிளாவர், பிறகு 2 ஸ்பேட்ஸ், கடைசியில் 7 டயமண்ட். ஃப்ளொப்பில் 25, டேர்னில் 50, ரிவரில் பொட் 200 இருக்க 200. நீங்கள் 200 வைத்து மொத்தம் 600க்கு ஆடவேண்டும், 33 வீதம் தேவை. ஃப்ளஷ்ஷும் ஸ்ட்ரெய்ட்டும் யாருக்கும் வர வழியில்லை. முகத்தைப் பார்க்காமல் எண்ணுங்கள். ஆஸ்-குயின்: ஓர் ஆஸ் உங்களிடம், ஒரு குயின் பலகையில், ஆகவே 3 தர 3, 9 வழி. கிங்-குயின், குயின்-ஜாக், குயின்-10 ஒவ்வொன்றும் 12. ஆஸ் சோடி 3, கிங் சோடி 6. குயின் சோடி 3, 88 ஒன்று, 33 மூன்று, 22 மூன்று. குயின்-8 ஆறு. கூட்டினால் 70. தவறிப்போன கைகள்: ஜாக்-10, 10-9, ஜாக்-9 ஒவ்வொன்றும் 16, மொத்தம் 48, இதற்கு மேல் தவறின ஹார்ட்ஸ். 70 நல்ல கைக்கு 35 பிளஃப் இருந்தாலே உங்கள் கோல் சமன். தவறினதை எல்லாம் அடித்துத் தள்ளுகிறவர் என்றால் யோசிக்காமல் கோல். ரிவரில் பெரிய தொகை வைத்தால் எப்போதும் நல்ல கை காட்டுகிறவர் என்றால் யோசிக்காமல் ஃபோல்ட். உங்களிடம் ஹார்ட்ஸ் ஒன்றும் இல்லை என்பது கோல் பக்கத்துக்குப் பலம். ஆஸ் ஹார்ட்ஸ் உங்களிடம் இருந்திருந்தால் அவர் தவறவிட்டிருக்கக்கூடிய ஃப்ளஷ் கைகள் குறைந்திருக்கும்.

இந்த எண்ணிக்கை மேசையிலேயே முழுதாக ஓடாது. வீட்டில் ஐந்தாறு கையைக் கொப்பியில் எழுதிப் பார்த்தால் சோடிக்கு 6 வழி, ஒரே இனத்துக்கு 4, வேறு இனத்துக்கு 12 என்பது கைப்பழக்கமாகிவிடும்.

எதிராளியை எண்ணுவது

ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் உள்ள லாபம், அவரை எண்ணலாம் என்பது. முதல் 20 பட்டனிலும் உங்கள் ரெய்ஸுக்கு அவர் எத்தனை தடவை ஃபோல்ட் பண்ணினார்? 12க்கு மேல் என்றால் இனி எந்தக் கடதாசி வந்தாலும் ரெய்ஸ். 4க்குக் கீழ் என்றால் குப்பையை விட்டுவிட்டு நல்ல கைக்குத் தொகையைக் கூட்டுங்கள், 30 அல்லது 35. அவருடைய பட்டனில் எத்தனை ரெய்ஸ் என்பதை இன்னொரு கோட்டில் குறியுங்கள். 20 கை கொஞ்சம்தான், 40 ஆனபோது திருப்பிப் பாருங்கள்.

எதற்கும் கோல் அடிக்கிறவரிடம் பிளஃப் பண்ணுவதை அடியோடு நிறுத்துங்கள். இரண்டாம் சோடிக்கே மூன்று பெட் வைக்கலாம், மேலே சொன்ன கிங்-9-4 கையிலும் ரிவரில் இன்னொரு 60 வைக்கலாம். இவர்களிடம் தோற்பவர்கள் கை கெட்டதால் தோற்பதில்லை, பிளஃப் பண்ணாமல் இருக்க முடியாததால் தோற்கிறார்கள். எப்போதும் அடித்து ஆடுகிறவருக்கு மருந்து வேறு: நல்ல கையோடு செக் பண்ணி அவரை அடிக்க விடுங்கள், மேல் சோடியோடு மூன்று தடவையும் கோல் அடியுங்கள்.

மூன்று, நாலு பேர் என்றால்

மூன்று பேரில் பட்டன் தனியாள், பிளைண்ட் இரண்டும் மற்ற இருவருக்கு. பட்டனில் பாதிக் கையை ரெய்ஸ் பண்ணலாம், 80 வீதம் வேண்டாம். கெட்ட இருக்கை ஸ்மோல் பிளைண்ட்: ஃப்ளொப்புக்குப் பிறகு எப்போதும் முதலில் பேசவேண்டும், பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார். அங்கே இருந்து ஆடினால் 30க்கு ரெய்ஸ், இல்லையேல் விடுங்கள். இரண்டு பேர் கோல் அடித்த பொட்டில் பிளஃப் குறையவேண்டும். ஒவ்வொருவரும் பாதித் தடவை ஃபோல்ட் பண்ணுகிறவர் என்றாலும் இருவரும் சேர்ந்து விடுவது 25 வீதம்தான், அரைப் பொட் பிளஃப்புக்கு வேண்டிய 33க்கு அது எட்டாது.

பிளைண்ட் ஏறி ஸ்டாக் சுருங்கினால்

15 நிமிடத்துக்கு ஒரு தடவை 5/10, 10/20, 15/30, 25/50, 50/100 என்று ஏற்றினால் ஒன்றரை மணிக்குள் ஆட்டம் முடிவுக்கு வரும். சிறிய ஸ்டாக் 10 பிக் பிளைண்டுக்கு இறங்கிவிட்டால் பட்டனில் ஓல்-இன் அல்லது ஃபோல்ட் என்ற ஆட்டம் போதும். 10இல் எல்லாச் சோடி, எல்லா ஆஸ், எல்லாக் கிங், 10-9 மாதிரி அடுத்தடுத்தவை. மொத்தம் வரும் கைகளில் பாதிக்குச் சற்று மேல். எதிரில் பிக் பிளைண்டில் இருப்பவர் கோல் அடிப்பது அதைவிடக் குறைய வேண்டும், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். தள்ளுகிறவர் எதிராளி விட்டாலும் வெல்வார், கையைத் திறந்தாலும் வெல்ல இடம் உண்டு. கோல் அடிப்பவருக்குக் கை மட்டும்தான் கதி. 9 பிக் பிளைண்ட் சேர்த்து மொத்தம் 20க்கு ஆடுவதால் அவருக்கு 45 வீதம் வேண்டும். எல்லாச் சோடியும் எல்லா ஆஸும் போதும், குயின்-7 போதாது. 5 பிக் பிளைண்டுக்கு இறங்கினால் 4 சேர்த்து 10க்கு ஆடுவது, 40 வீதம். அப்போது கிங் என்றாலே கோல் அடிக்கலாம்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை, தன் குவியலைப் பார்த்து ஆடுவது. பிளைண்ட் 25/50, உங்களிடம் 1,700, அவரிடம் 300 என்றால் ஆட்டத்தில் இருப்பது இருவருக்கும் 300தான், 6 பிக் பிளைண்ட். உங்களிடம் 34 இருக்கிறதே என்று 100க்கு ரெய்ஸ் பண்ணி, அவர் 300ஐத் தள்ளியதும் 400 பொட்டை விட்டு ஓடுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஓல்-இன் என்ற சொல் வந்ததும் குறைந்தவரின் சிப்பை எண்ணி, எதிரே அதே அளவை வைத்து, மிச்சத்தைப் பின்னால் இழுத்துவிட்டு இருவரும் கையைத் திறந்து வையுங்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த கடதாசி.